ஒரு தேதி, பன்னிரண்டு நாற்காலிகள்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் ஆகஸ்ட் 28 மீண்டும் மீண்டும் வருகிறது. இது தற்செயலா, தொடர்ச்சியா?

1955 ஆகஸ்ட் 28 அதிகாலையில், மிசிசிப்பி மாநிலத்தின் மனி என்ற சிற்றூரை ஒட்டிய வீடு ஒன்றிலிருந்து எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனை வெள்ளையர்கள் இழுத்துச் சென்று கொன்றார்கள். 1957 ஆகஸ்ட் 28 இரவு, கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்க வந்த மசோதாவை எதிர்த்து செனட்டில் ஸ்ட்ராம் தர்மண்ட் பேசத் தொடங்கினார்; அடுத்த நாள் இரவுதான் உட்கார்ந்தார். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் சுமார் 2,50,000 பேர் திரண்டார்கள். மார்ட்டின் லூதர் கிங் தம் கனவைச் சொன்னது அன்றுதான். 1968 ஆகஸ்ட் 28 அன்று சிகாகோவில் ஜனநாயகக் கட்சி மாநாடு நடந்துகொண்டிருக்க, வெளியே போலீஸ் தடிகள் இளைஞர்கள் மீது பாய்ந்தன. 2008 ஆகஸ்ட் 28 அன்று அதே கட்சியின் அதிபர் வேட்பாளராக பராக் ஒபாமா டென்வர் நகர விளையாட்டரங்கில் ஏற்புரை ஆற்றினார்.

ஐந்து நிகழ்வுகளுக்கும் தேதி ஒன்று. ‘வரலாற்றில் இன்று’ பகுதிகள் இவற்றை வரிசையாக அடுக்கிவிட்டு அடுத்த நாளுக்குப் போய்விடும். சிலர் இதில் விதியின் கையைப் பார்ப்பார்கள். சிலர் வெறும் தற்செயல் என்று தள்ளிவிடுவார்கள். இந்தத் தேதியின் மீது அமெரிக்காவில் உண்டான ஈர்ப்பு சிறியதல்ல. 2016-இல் வாஷிங்டனில் கறுப்பின வரலாற்றுக்கான தேசிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது, இயக்குநர் ஏவா டுவெர்னே இந்த ஒரு நாளை மட்டும் வைத்தே அதற்காக ஒரு படம் எடுத்தார்.

தேதிக்கென்று எந்தச் சக்தியும் இல்லை. ஆனால் ஆகஸ்ட் 28-இல் நடந்தவற்றுக்கு நடுவே உண்மையான ஓர் இழை ஓடுகிறது. அந்த இழையைத் தேடிப் போனால் உரை மேடைக்கோ விளையாட்டரங்குக்கோ போய்ச் சேர மாட்டோம். நீதிமன்றத்தில் ஜூரிகள் உட்காரும் பன்னிரண்டு நாற்காலிகளுக்குப் போய்ச் சேருவோம். அந்த நாற்காலிகளில் யார் உட்காரலாம் என்று தீர்மானித்த வாக்காளர் பட்டியலுக்குப் போய்ச் சேருவோம். ஒரு நாளை நினைவுகூர்வதில் பொருள் இருக்கிறது என்றால், அந்த நாள் இப்படி ஒரு தேடலைத் தொடங்கி வைக்கிறது என்பதால்தான்.

67 நிமிடத் தீர்ப்பு

சிகாகோவில் வளர்ந்த எம்மெட் டில் கோடை விடுமுறைக்காக மிசிசிப்பிக்கு வந்திருந்தான். ஆகஸ்ட் 24 அன்று ஒரு மளிகைக் கடையில் கடைக்காரரின் வெள்ளைக்கார மனைவியிடம் அத்துமீறி நடந்துகொண்டான் என்பது குற்றச்சாட்டு. நான்கு நாள் கழித்து, கடைக்காரர் ராய் பிரையன்ட்டும் அவருடைய சகோதரர் முறையான ஜே.டபிள்யூ. மைலமும் நள்ளிரவு தாண்டி வந்து, தாத்தா முறையான மோசஸ் ரைட்டின் வீட்டிலிருந்து சிறுவனைத் துப்பாக்கி முனையில் கொண்டுபோனார்கள். ஆகஸ்ட் 31 அன்று டாலஹாச்சி ஆற்றில் உடல் கிடைத்தது. பருத்தி ஆலையின் கனத்த இரும்பு விசிறி ஒன்றை முள்கம்பியால் கழுத்தில் கட்டி ஆற்றில் எறிந்திருந்தார்கள். தாய் மேமி டில் சவப்பெட்டியை மூட மறுத்தார். தன் மகனுக்கு என்ன செய்தார்கள் என்பதை உலகம் பார்க்கட்டும் என்று சிகாகோ தேவாலயத்தில் திறந்த பெட்டியோடு வைத்தார். ‘ஜெட்’ இதழில் வெளியான புகைப்படம் ஒரு தலைமுறையையே உலுக்கியது.

கொலை கொடூரமானது. ஆனால் தெற்கு மாநிலங்களில் அப்படிப்பட்ட கொலைகள் அதற்கு முன்னும் ஆயிரக்கணக்கில் நடந்திருந்தன. இந்த வழக்கில் நாம் நின்று பார்க்க வேண்டிய இடம் செப்டம்பரில் சம்னர் ஊர் நீதிமன்றத்தில் நடந்த விசாரணை. தன் வீட்டுக்கு வந்தவர்களை மோசஸ் ரைட் எழுந்து நின்று விரல் நீட்டி அடையாளம் காட்டினார். மிசிசிப்பியில் ஒரு கறுப்பினத்தவர் வெள்ளையர்களைக் குற்றவாளி என்று நீதிமன்றத்தில் சுட்டுவது உயிரைப் பணயம் வைக்கும் செயல். ஜூரிகள் பன்னிரண்டு பேரும் வெள்ளையர். பன்னிரண்டு பேரும் ஆண்கள். 67 நிமிடங்களில் இருவரையும் விடுதலை செய்தார்கள். இடையில் குளிர்பானம் குடிக்க நிறுத்தாமல் இருந்திருந்தால் இவ்வளவு நேரம்கூட ஆகியிருக்காது என்று ஒரு ஜூரி சொன்னதாகப் பத்திரிகைகள் எழுதின. கடத்திச் சென்றதைப் போலீசிடம் ஒப்புக்கொண்டிருந்தும், நவம்பரில் பக்கத்து மாவட்டத்தின் விசாரணை ஜூரி கடத்தல் குற்றத்துக்குக்கூட வழக்குப் பதிய மறுத்தது. 1956 ஜனவரியில் ‘லுக்’ இதழில் பணம் வாங்கிக்கொண்டு இருவரும் கொலையை ஒப்புக்கொண்டார்கள். ஒரு முறை விடுவிக்கப்பட்டவரை அதே குற்றத்துக்காக மறுபடி விசாரிக்க முடியாது என்பது சட்டம். அவர்களை யாரும் தொட முடியவில்லை.

அந்தப் பன்னிரண்டு பேர் எப்படி அங்கே வந்து உட்கார்ந்தார்கள்? மிசிசிப்பியில் ஜூரிகள் வாக்காளர் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டார்கள். டாலஹாச்சி மாவட்ட மக்களில் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர். ஆனால் வாக்காளர் பட்டியலில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. பதிவு செய்யப் போனால் அரசியல் சட்டப் பிரிவுக்கு விளக்கம் எழுதச் சொல்வார்கள். தேர்தல் வரி கேட்பார்கள். அதையும் தாண்டினால் வேலை போகும், வீடு எரியும். பெண்களை ஜூரியாக மிசிசிப்பி அனுமதித்ததே 1968-இல்தான். இனத்தைக் காட்டி ஜூரியிலிருந்து விலக்கக் கூடாது என்று 1875-ஆம் ஆண்டின் மத்திய சட்டம் சொல்லியிருந்தது. 1880-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருந்தது. எழுத்தில் இருந்த உரிமையை வாக்காளர் பட்டியல் சத்தமில்லாமல் விழுங்கியிருந்தது. ஒரு சிறுவனைக் கொல்ல இரண்டு பேர் போதும். கொன்றவர்கள் தலைநிமிர்ந்து வீடு திரும்ப ஒரு முழு ஏற்பாடு தேவைப்படுகிறது.

24 மணி 18 நிமிடம்

அந்த ஏற்பாட்டின் மீது கைவைக்க வந்ததுதான் 1957-ஆம் ஆண்டின் சிவில் உரிமைகள் மசோதா. 1875-க்குப் பிறகு 82 ஆண்டுகளில் இப்படி ஒரு சட்டம் நிறைவேறியதே இல்லை. நடுவில் வந்த கும்பல் கொலைத் தடுப்பு மசோதாக்களில் கீழவையைத் தாண்டியவையும் செனட்டில் மடிந்தன. தெற்கு உறுப்பினர்கள் பேசிப் பேசியே காலத்தைக் கடத்தி அவற்றை முடக்கினார்கள். 1957 மசோதாவின் மையக் கருத்து எளிமையானது. வாக்களிக்க விடாமல் ஒருவரைத் தடுத்தால், மத்திய அரசின் அட்டர்னி ஜெனரல் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை உத்தரவு வாங்கலாம். உத்தரவை மீறும் அதிகாரி நீதிமன்ற அவமதிப்புக்கு உள்ளாவார். அப்படியானால் அவமதிப்பை விசாரிப்பது யார்? நீதிபதி மட்டுமா, ஜூரியா?

அந்தக் கோடைகால விவாதம் முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றியே நடந்தது. ஜூரி விசாரணை ஆங்கிலேயர் காலத்திலிருந்து வரும் புனித உரிமை என்று தெற்கு உறுப்பினர்கள் முழங்கினார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் கறுப்பினத்தவரை வாக்காளர் பட்டியலில் சேர்க்க மறுத்த அதிகாரியை, அந்தப் பட்டியலிலிருந்தே எடுக்கப்பட்ட வெள்ளையர் ஜூரி விசாரித்தால் என்ன நடக்கும் என்பதை சம்னர் நீதிமன்றம் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே உலகுக்குக் காட்டியிருந்தது. ஆகஸ்ட் தொடக்கத்தில் ஜூரி திருத்தம் 51-க்கு 42 என்ற கணக்கில் செனட்டில் நிறைவேறியது. பிறகு ஒரு சமரசம் வந்தது: 300 டாலருக்கு மேல் அபராதமோ 45 நாளுக்கு மேல் சிறையோ விதித்தால் மட்டுமே, குற்றவாளி ஜூரி விசாரணை கேட்கலாம். எந்த அரசியல் சட்ட உரிமை மீறப்பட்டாலும் அட்டர்னி ஜெனரல் வழக்குத் தொடுக்கலாம் என்றிருந்த மூன்றாம் பகுதி அதற்கு முன்பே நீக்கப்பட்டிருந்தது.

இந்தச் சமரசத்தைக்கூட ஏற்க மாட்டேன் என்றுதான் தென் கரோலினாவின் ஸ்ட்ராம் தர்மண்ட் ஆகஸ்ட் 28 இரவு 8.54-க்கு எழுந்தார். மாநிலங்களின் தேர்தல் சட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தார். சுதந்திரப் பிரகடனத்தை வாசித்தார். ஜூரி விசாரணையின் பெருமையைப் பேசினார். 24 மணி 18 நிமிடம் பேசிய பிறகு உட்கார்ந்தார். மற்ற தெற்கு உறுப்பினர்கள் அவரோடு சேரவில்லை. வலுவிழந்த மசோதாவால் தங்களுக்குப் பெரிய ஆபத்து இல்லை என்று அவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். சிறிது நேரத்தில் 60-க்கு 15 என்று மசோதா நிறைவேறியது. செப்டம்பர் 9 அன்று அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்டார். தர்மண்டின் சாதனை 2025 ஏப்ரல் 1 வரை நின்றது. 25 மணி 5 நிமிடம் பேசி அன்று அதை முறியடித்த கோரி புக்கர் ஒரு கறுப்பின செனட் உறுப்பினர்.

1955 ஆகஸ்ட் 28-ஐயும் 1957 ஆகஸ்ட் 28-ஐயும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். முதல் நாளில் நடந்த கொலைக்குத் தண்டனை கிடைக்காமல் செய்தது வெள்ளையர் மட்டுமே அமர்ந்த ஜூரி. இரண்டாம் நாளில் ஒருவர் ஒரு பகல், ஓர் இரவு முழுக்க நின்று காக்க முயன்றதும் அதே ஜூரியைத்தான். தர்மண்ட் எம்மெட் டில்லை நினைத்து அந்தத் தேதியைத் தேர்ந்தெடுக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ள உறவு தேதியைவிட ஆழமான இடத்தில் இருக்கிறது.

கனவுக்குப் பின்னால் இருந்த கோரிக்கைகள்

1963-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28 ஒரு புதன்கிழமை. வாஷிங்டன் பேரணியின் தலைவர் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப், அமைப்பாளர் பேயர்ட் ரஸ்டின். இருவரும் எம்மெட் டில்லின் நினைவுநாளுக்காக இந்த நாளைக் குறிக்கவில்லை. கிங் அதே ஆண்டு ஜூனில் டெட்ராய்ட்டில் பேசியபோது டில்லின் பெயரைச் சொன்னார். ஆகஸ்ட் 28 உரையில் சொல்லவில்லை. எனவே தேதி இங்கும் தற்செயல்தான். ஆனால் சிறுவனின் சவப்பெட்டியிலிருந்து பேரணி நடந்த லிங்கன் நினைவிடத்துக்கு ஒரு வழி இருந்தது. 1955 நவம்பர் 27 அன்று, மான்ட்கமரியில் கிங் போதகராக இருந்த தேவாலயத்தில் டாக்டர் டி.ஆர்.எம். ஹோவர்ட் டில் வழக்கைப் பற்றிப் பேசினார். கேட்டவர்களில் ரோசா பார்க்ஸ் ஒருவர். நான்கு நாள் கழித்து, டிசம்பர் 1 அன்று, பேருந்தில் இருக்கையை விட்டு எழ மறுத்து அவர் கைதானார். 381 நாள் நடந்த பேருந்துப் புறக்கணிப்பு 26 வயது கிங்கை நாடறிந்த தலைவராக்கியது.

இன்னொரு வழியும் இருந்தது. டில் வழக்கில் பயந்து ஒளிந்திருந்த சாட்சிகளைத் தேடி, பருத்திக் காட்டுக் கூலியாள் வேடத்தில் அலைந்தவர் மெட்கர் எவர்ஸ். 1963 ஜூன் 12 அன்று ஜாக்சன் நகரில் தன் வீட்டு வாசலிலேயே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1964-இல் குற்றவாளி இரண்டு முறை விசாரிக்கப்பட்டபோதும் வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வர முடியாமல் கலைந்தார்கள். அவர் வீட்டுக்குப் போனார். 1994-இல் அவரே மீண்டும் விசாரணைக்கு நிறுத்தப்பட்டார். இந்த முறை ஜூரியில் எட்டுப் பேர் கறுப்பினத்தவர், நான்கு பேர் வெள்ளையர். குற்றம் நிரூபிக்கப்பட்டது, அவர் சிறைத் தண்டனைக் காலத்திலேயே இறந்தார். முப்பது ஆண்டுகளில் புதிய சாட்சியங்களும் சேர்ந்திருந்தன என்பது உண்மை. ஆனால் அவற்றை எடைபோடத் தயாராக இருந்த பன்னிரண்டு பேர் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்ததுதான் பெரிய மாற்றம். 1965-ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டத்துக்கு முன் மிசிசிப்பியில் வாக்காளராகப் பதிவான கறுப்பினத்தவர் சுமார் 7 சதவீதம். 1967-இல் அது சுமார் 60 சதவீதம்.

பேரணியின் முழுப்பெயர் ‘வேலைக்கும் விடுதலைக்குமான வாஷிங்டன் பேரணி’. அன்று பத்துக் கோரிக்கைகள் வைக்கப்பட்டன. எந்த அரசியல் சட்ட உரிமை மீறப்பட்டாலும் வழக்குத் தொடுக்க அட்டர்னி ஜெனரலுக்கு அதிகாரம் வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. 1957-இல் செனட் பிடுங்கிப் போட்ட மூன்றாம் பகுதியேதான் இது. மக்களை வாக்களிக்க விடாத மாநிலங்களுக்கு நாடாளுமன்ற இடங்களைக் குறைக்க வேண்டும் என்பது இன்னொன்று. கனவு உரையை உலகம் நினைவில் வைத்திருக்கிறது, வைத்திருக்க வேண்டியதும்தான். ஆனால் அன்று 2,000-க்கும் மேற்பட்ட பேருந்துகளில் வந்தவர்கள் உரை கேட்க மட்டும் வரவில்லை. பெயர் சொல்லி, பிரிவு சொல்லி, சட்டம் கேட்டு வந்தார்கள்.

எந்தத் தேதியிலும் இப்படிக் காட்டலாமா?

வலுவான ஒரு மறுப்பு உண்டு. ஆண்டுக்கு 365 நாள்தான். அமெரிக்க வரலாற்றிலோ குறிப்பிடத்தக்க நிகழ்வுகள் ஆயிரக்கணக்கில். ஓர் அறையில் 23 பேர் இருந்தாலே இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல். அப்படியிருக்க, எந்தத் தேதியை எடுத்தாலும் நாலைந்து நிகழ்வுகளைப் பொறுக்கி ஒரு கதையாகக் கோத்துவிடலாம் அல்லவா?

கோத்துவிடலாம்தான். அதனால்தான் தேதியை ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நினைவுக்குரிய நிகழ்வுகள் எல்லாம் நாள்காட்டியின் ஒரே சதுரத்தில் வந்து உட்கார்வதும் இல்லை. இந்தப் போராட்டத்தின் மூத்த அறிஞர் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸ் 95 வயதில் கானாவின் அக்ரா நகரில் இறந்தது 1963 ஆகஸ்ட் 27. பேரணித் தலைவர்களில் ஒருவரான ராய் வில்கின்ஸ் மேடையில் அந்தச் செய்தியை அறிவித்தார். ஒரு நாள் முந்திவிட்டதால் ‘ஆகஸ்ட் 28’ பட்டியலில் டுபாய்ஸுக்கு இடமில்லை. ரோசா பார்க்ஸ் டிசம்பரில் நிற்கிறார். எவர்ஸ் ஜூனில் நிற்கிறார். இவர்கள் இல்லாமல் 1955-லிருந்து 1963-க்குப் பாலம் கிடையாது. தேதியை மட்டும் பிடித்துக்கொள்பவருக்குத் தூண்கள் தெரியும், பாலம் தெரியாது.

மறுபக்கம், தேதியில் பொருந்தியும் பட்டியலில் வராதவை உண்டு. 1963 ஆகஸ்ட் 28 அன்று நியூயார்க்கில் ஒரு வீட்டில் இரண்டு இளம்பெண்கள் கொலையானார்கள். அடுத்த ஆண்டு, 19 வயதுக் கறுப்பின இளைஞர் ஜார்ஜ் விட்மோரைப் பிடித்த போலீஸ், கொலையை ஒப்புக்கொள்ளும் நீண்ட வாக்குமூலத்தை வாங்கியது. ஆனால் அன்று விட்மோர் நியூஜெர்சியின் வைல்ட்வுட் கடற்கரை ஊரில் இருந்தார். கிங்கின் உரை தொலைக்காட்சியில் வந்த நாள் என்பதால், அவர் அங்கே இருந்ததைப் பார்த்தவர்களுக்கு நினைவிருந்தது. உண்மைக் குற்றவாளி பின்னர் தண்டிக்கப்பட்டார். வற்புறுத்தி வாங்கிய அந்த வாக்குமூலத்தை 1966-இல் உச்ச நீதிமன்றம், கைதானவர்களின் உரிமைகளை வகுத்த மிராண்டா தீர்ப்பில் எடுத்துக்காட்டாகச் சுட்டியது. நியூயார்க் 1965-இல் மரண தண்டனையைப் பெருமளவு கட்டுப்படுத்தியதிலும் இவ்வழக்குக்குப் பங்குண்டு. வாஷிங்டனில் விடுதலை கேட்டுக் குரல் எழுந்த அதே நாளின் பெயரால் ஓர் அப்பாவி மின்நாற்காலியின் விளிம்புவரை தள்ளப்பட்டார். ஆகஸ்ட் 28-ஐக் கொண்டாடும் பட்டியல்கள் பெரும்பாலும் இவரைத் தவறவிடுகின்றன.

பொறுக்கி எடுப்பது தவறு என்ற மறுப்புக்கு இதுவே பதில். நிகழ்வுகளைத் தேதி பார்த்துச் சேர்த்தால் தவறாகிவிடும். தேதி பார்த்துத் தொடங்கி, காரண காரியம் பார்த்துச் சேர்த்தால், பொருந்தாதவை தாமாக உதிரும். தேதிக்கு வெளியே இருப்பவை தாமாக வந்து சேரும். 2005 ஆகஸ்ட் 28 அன்று, கத்ரீனா புயலுக்கு முந்தைய நாள், நியூ ஆர்லியன்ஸ் மேயர் ஊரைக் காலி செய்யக் கட்டாய உத்தரவிட்டார். கார் இல்லாத ஏழைகள், பெரும்பாலும் கறுப்பின மக்கள், ஊரிலேயே சிக்கினார்கள். அந்தத் துயரத்துக்கு வறுமையோடும் இனத்தோடும் உறவு உண்டு. ஆகஸ்ட் 28 என்ற தேதியோடு இல்லை. புயல் நாள்காட்டி பார்த்து வரவில்லை. அதை இந்த வரிசையில் சேர்த்தால் வரிசைக்குக் கனம் கூடும், உண்மை குறையும்.

சவப்பெட்டியிலிருந்து வெற்றி மேடைக்கா?

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. டில்லின் மரணத்தில் தொடங்கி ஒபாமாவின் ஏற்புரையில் முடியும் வரிசை, வரலாறு எப்படியும் நன்மையை நோக்கியே நகரும் என்ற பொய்யான ஆறுதலைத் தருகிறது என்பது அது. இந்த ஆபத்து உண்மையானது. 2008-இல் டென்வரில் சுமார் 84,000 பேர் கூடியிருந்த இரவில், பேரணியின் 45-ஆம் ஆண்டு நிறைவு எல்லோர் மனதிலும் இருந்தது. ஒபாமா கிங்கைப் பெயர் சொல்லாமல், ஜார்ஜியாவிலிருந்து வந்த இளம் போதகர் என்று குறிப்பிட்டார். சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்தது. அந்த மகிழ்ச்சியில் பொய் இல்லை. பொய்யாவது அதை முடிவுரையாக எடுத்துக்கொள்வதுதான்.

அப்படி எடுத்துக்கொள்ள விடாமல் தடுப்பது 1968-ஆம் ஆண்டின் ஆகஸ்ட் 28. அன்று மாலை சிகாகோவின் மிச்சிகன் அவென்யூவில், வியட்நாம் போரை எதிர்த்து வந்த இளைஞர்களைப் போலீஸ் அடித்து நொறுக்கியதைத் தொலைக்காட்சி காட்டியது. பின்னால் வந்த விசாரணை அறிக்கை அதைப் போலீசே நடத்திய கலவரம் என்றது. அதே மாநாட்டில் வேறொன்றும் நடந்தது. வாக்காளராகப் பதியப் போனதற்காக 1962-இல் தோட்ட வேலையிலிருந்து துரத்தப்பட்ட ஃபேனி லூ ஹேமர், மிசிசிப்பியின் பிரதிநிதியாக அவையில் இருந்தார். டில் கொல்லப்பட்ட சன்ஃப்ளவர் மாவட்டத்துக்காரர் அவர். 1964 மாநாட்டில் அவருடைய குழுவுக்கு உரிய இடம் மறுக்கப்பட்டிருந்தது. 1968 ஆகஸ்ட் 28 இரவு, வாஷிங்டன் போதகர் சானிங் ஃபிலிப்ஸின் பெயர் அதிபர் வேட்பாளர் பதவிக்கு முன்மொழியப்பட்டது. ஜனநாயகக் கட்சி மாநாட்டில் அப்படி முன்மொழியப்பட்ட முதல் கறுப்பினத்தவர் அவர். கிடைத்தவை 67.5 வாக்குகள். ஒபாமாவின் இரவுக்குச் சரியாக நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு, அதே தேதியில், உள்ளே ஒரு கதவு திறந்தது. வெளியே ஒரு தடி இறங்கியது. இரண்டையும் ஒன்றாகச் சொல்லத் தெரிந்தவர்கள்தான் அந்த நாளை நேர்மையாக நினைவுகூர்கிறார்கள்.

1963-இல் பேரணி மேடையில் பேசியவர்களில் மிக இளையவரான ஜான் லூயிஸ், ஐம்பதாம் ஆண்டு நிறைவான 2013 ஆகஸ்ட் 28 அன்றும் அங்கே பேசினார். இரண்டு மாதங்களுக்கு முன்புதான் உச்ச நீதிமன்றம் ஷெல்பி கவுண்டி வழக்கில், தேர்தல் விதிகளை மாற்ற எந்த மாநிலங்களுக்கு மத்திய அரசின் முன்அனுமதி தேவை என்று தீர்மானிக்கும் வாக்குரிமைச் சட்ட விதியைச் செல்லாததாக்கியிருந்தது. ஜூரி நாற்காலிகளின் கதையும் முடியவில்லை. மிசிசிப்பியில் ஒரே மனிதரை ஒரே அரசு வழக்கறிஞர் ஆறு முறை விசாரணைக்கு நிறுத்தினார். ஜூரிக்கு அழைக்கப்பட்டு அவர் விலக்க வாய்ப்பிருந்த 42 கறுப்பினத்தவரில் 41 பேரை விலக்கினார். ஆறாவது விசாரணையில் கிடைத்த தண்டனையை 2019-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 1880-இல் சொன்னதை 2019-இலும் சொல்ல வேண்டியிருந்தது.

நாளுக்கு உரிமையாளர் யார்?

1963 வரை ஆகஸ்ட் 28 யாரும் தேர்ந்தெடுக்காத தற்செயல். அதன் பிறகு அது தேர்ந்தெடுக்கப்படும் நாளாகிவிட்டது. 2010 ஆகஸ்ட் 28 அன்று, பழமைவாதத் தொலைக்காட்சிப் பேச்சாளர் கிளென் பெக் அதே லிங்கன் நினைவிடத்தில் பெருங்கூட்டம் கூட்டினார். ஆண்டு நிறைவை நினைத்துத் தேதி குறிக்கவில்லை என்றார். அதே நாளில் வாஷிங்டனில் கறுப்பின உரிமைச் செயற்பாட்டாளர் ஆல் ஷார்ப்டன் மாற்றுப் பேரணி நடத்தினார். 2020-இலும் அதே நாளில், காவல் துறை வன்முறைக்கு எதிராக மக்கள் அங்கே கூடினார்கள். புகழ்பெற்ற ஒரு நாளின் மீது யார் வேண்டுமானாலும் நின்று தம் கட்சிக்கு ஒளி சேர்த்துக்கொள்ள முடியும். பின்னால் உள்ள நிகழ்வுகளை மறந்து தேதியை மட்டும் வைத்துக்கொண்டால், அதைக் கைப்பற்றுவது எளிது. பத்துக் கோரிக்கைகளையும் தெரிந்து வைத்திருப்பவரிடமிருந்து கைப்பற்றுவது கடினம்.

நினைவுக்கும் காவல் தேவைப்படும் நாடு அது. டில்லின் உடல் கிடைத்ததாகக் கருதப்படும் ஆற்றங்கரையில் வைத்த பெயர்ப்பலகையை மீண்டும் மீண்டும் சுட்டுத் துளைத்தார்கள். 2019-இல் குண்டு துளைக்காத பலகை வைக்க வேண்டியதாயிற்று. 2022 மார்ச் 29 அன்று, எம்மெட் டில் பெயரில் கும்பல் கொலைத் தடுப்புச் சட்டம் கையெழுத்தானது. முதல் மசோதா 1900-இல் வந்தது. 2023-இல் எம்மெட் டில்லுக்கும் தாய் மேமிக்கும் தேசிய நினைவிடம் அறிவிக்கப்பட்டபோது, அரசு ஆகஸ்ட் 28-ஐத் தேர்ந்தெடுக்கவில்லை. டில்லின் பிறந்தநாளான ஜூலை 25-ஐத் தேர்ந்தெடுத்தது. அவன் கொல்லப்பட்ட நாளைவிட அவன் பிறந்த நாள் அவனுக்கு உரியது என்பதால் அது சரியான முடிவு. நினைவிடத்தின் மூன்று பகுதிகளில் ஒன்று சிகாகோ தேவாலயம், ஒன்று அந்த ஆற்றங்கரை, மூன்றாவது சம்னர் நீதிமன்றம். தீர்ப்பு வழங்கிய இடத்தையும் நினைவுச் சின்னமாக்கியதில் ஒரு தெளிவு இருக்கிறது. குற்றம் ஆற்றில் மட்டும் நடக்கவில்லை. ஜூரி அறையிலும் நடந்தது என்பதை ஒரு நாடு தானே எழுதி ஒப்புக்கொண்டிருக்கிறது.

‘வரலாற்றில் இன்று’ என்ற பெட்டிச் செய்தியைப் படிப்பவர் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பழகினால் போதும்: இந்த நிகழ்வுகளை இணைப்பது எது? கேட்கப்பட்டவற்றில் இன்னும் கிடைக்காதது எது? ஆகஸ்ட் 28-ஐப் பொறுத்தவரை முதல் கேள்விக்குப் பதில் வாக்காளர் பட்டியலும் ஜூரி நாற்காலியும். இரண்டாவது கேள்விக்குப் பதில் 1963-இன் கோரிக்கைப் பட்டியலிலேயே இருக்கிறது. நாடு முழுவதற்கும் மணிக்கு 2 டாலர் குறைந்தபட்சக் கூலி வேண்டும் என்று அன்று கேட்டார்கள். விலைவாசி உயர்வைக் கணக்கிட்டால் இன்று அது சுமார் 20 டாலர். 2009 முதல் அமெரிக்காவின் மத்தியக் குறைந்தபட்சக் கூலி 7.25 டாலரில் நிற்கிறது. உரையின் வரிகளைப் பள்ளிக் குழந்தைகள் மனப்பாடமாகச் சொல்லும் நாட்டில், அந்த உரைக்காகக் கூடியவர்கள் கேட்ட கூலி அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் கொடுக்கப்படவில்லை. ஆகஸ்ட் 28-க்கு மாலை சூட்டுகிறவர்கள் அந்தப் பாக்கியையும் சேர்த்து ஏற்றுக்கொள்ள வேண்டும். கோரிக்கைகளை விட்டுவிட்டுக் கனவை மட்டும் எடுத்துக்கொள்ளும் உரிமை யாருக்கும் இல்லை.